ஹாங்காங்கில் குடியேறினால் எந்த மொழி: ஆங்கிலமா, மாண்டரினா, கான்டனீஸா?

ஹாங்காங்கின் சிவப்பு மினி பஸ்ஸில் இறங்குவதற்கு மணி அடிக்கிற பழக்கம் இல்லை. 19 பேர் உட்காரும் அந்தச் சின்ன வண்டியில், நம் இடம் வருவதற்குச் சற்று முன்னால் ஓட்டுநர் காதில் விழும்படி "யாவ் லொக், ம்-கோய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "இறக்கம் இருக்கு, தயவுசெய்து". ஓட்டுநர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு கையை லேசாகத் தூக்குவார். கேட்டாயிற்று என்று அர்த்தம். நான் வந்த முதல் மாதம், ஷாம் ஷுய் போவில் இறங்க வேண்டிய இடம் ஜன்னலில் நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எப்படிச் சொல்வது என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த சிக்னலைத் தாண்டிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பாட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகக் குரல் கொடுத்தார்.

இங்கே வேலை கிடைத்து வரப்போகிற நண்பர்கள் முதலில் வாடகையைப் பற்றிக் கேட்பார்கள், அப்புறம் மொழியைப் பற்றி. ஆங்கிலம் போதாதா? ஏதாவது கற்கத்தான் வேண்டும் என்றால், சீனா முழுக்கச் செல்லுபடியாகும் மாண்டரினைக் கற்பதுதானே புத்திசாலித்தனம்? ஒரே ஒரு நகரத்துக்காகக் கான்டனீஸ் கற்பது வீண் இல்லையா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கப்போகிறீர்கள் என்றால் கான்டனீஸ்தான். ஆனால் எல்லோருடைய நிலைமையும் ஒன்றல்ல என்பதால் மூன்றையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வழக்கமாகப் பேசும் மொழி கான்டனீஸ் என்று சொன்னவர்கள் 88.2 சதவீதம். ஆங்கிலம் என்றவர்கள் 4.6, மாண்டரின் என்றவர்கள் 2.3. பேசத் தெரியுமா என்ற கேள்விக்குக் கணக்கு வேறு மாதிரி வருகிறது: கான்டனீஸ் 93.7, ஆங்கிலம் 58.7, மாண்டரின் 54.2. வரப்போகிறவர்கள் இந்த இரண்டாவது வரிசையைப் பார்த்துவிட்டு, பாதிப் பேருக்கு மேல் ஆங்கிலம் தெரிந்த ஊர்தானே என்று நிம்மதி அடைகிறார்கள். தெரிந்திருப்பது வேறு, பேசுவது வேறு. அந்தப் பாதிப் பேர் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். மீன் வெட்டிக் கொடுப்பவரும், குழாய் ரிப்பேருக்கு வருபவரும், கட்டடத்தின் இரவுக் காவலாளியும் பெரும்பாலும் மற்றப் பாதியில் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொண்டால்

இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காகிதத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தாராளமாகப் போதும். ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டம் 9ஆம் பிரிவு, சீன மொழியோடு ஆங்கிலத்தையும் ஆட்சிமொழியாகப் பயன்படுத்தலாம் என்கிறது. அரசுப் படிவம், வாடகை ஒப்பந்தம், வங்கி, வரி எல்லாம் ஆங்கிலத்தில் முடியும். டாக்டர் நோயாளியிடம் கான்டனீஸில் பேசினாலும் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுவார். ஏழு ஆண்டு தொடர்ந்து வசித்தால் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். அதற்கு மொழித் தேர்வு எதுவும் கிடையாது. ஏழு ஆண்டும் ஆங்கிலத்திலேயே ஓட்டிவிட்டு அட்டை வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

கார் நிறுத்துமிடங்களில் பணம் கட்டும் இடத்துக்கு 'ஷ்ராஃப்' என்று ஆங்கிலப் பலகை மாட்டியிருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் சராப்புக் கடையில் இருக்கிற அதே சொல்தான், இந்திய வணிகர்களோடும் வெள்ளைக்காரர்களோடும் கப்பலேறி வந்து இங்கே நிலைத்துவிட்டது. இந்த ஊரின் ஆங்கிலத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் காகிதத்தை விட்டு வாய்ப்பேச்சுக்கு வந்ததும் கதை மாறுகிறது. ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வரைபடத்தில் 'அட்மிரால்டி' என்று படித்துவிட்டு டாக்சிக்காரரிடம் அதையே சொன்னால், வயதான ஓட்டுநராக இருந்தால் விழிப்பார். அவருக்கு அந்த இடம் 'கம் ஜொங்', அதாவது தங்க மணி. 'ஹேப்பி வேலி' அவருக்கு 'பாவ் மா தெய்', குதிரை ஓடும் இடம். 'அபர்தீன்' என்பது 'ஹியோங் கொங் ஜாய்', குட்டி ஹாங்காங். 'பிரின்ஸ் எட்வர்ட்' வெறும் 'தாய் ஜி', இளவரசர். ஒரே நகரத்தின் மேல் இரண்டு பெயர்த் தொகுதிகள். ஆங்கிலத்தோடு நிற்பவர் கையில் இருப்பது ஒன்றுதான், அதுவும் நகரத்தில் பெரும்பாலோர் வாயில் வராத ஒன்று.

அவசர நேரத்தில் என்ன ஆகும் என்று கேட்பார்கள். 999க்கு ஆங்கிலத்தில் பேசலாம். மருத்துவமனையில் உரைபெயர்ப்பாளர் கேட்கலாம். அரசு நிதியில் இயங்கும் 'சியர்' மையம் தொலைபேசி வழியாக 8 மொழிகளில் உரைபெயர்ப்புத் தருகிறது: இந்தி, உருது, நேபாளி, பஞ்சாபி, தாகலோக், இந்தோனேசியம், தாய், வியட்நாமியம். தமிழ் அதில் இல்லை. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்து வந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாண்டரின் கற்றால்

நான் முதலில் எடுத்த முடிவு இதுதான். மாலை வகுப்புக்குப் பணம் கட்டி ஓராண்டு படித்தேன். அந்தப் படிப்பு எனக்குப் பயன்பட்டது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. லோ வூ எல்லையைக் கடந்து ஷென்ஜென்னில் கால் வைத்ததும் அது வேலை செய்தது. சீனாவின் பல மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள் கட்டிய நகரம் அது. அங்கே தெருவிலும் மாண்டரின்தான். ஹாங்காங்குக்குள்ளேயும் சிம் ஷா சுய், காஸ்வே பே நகைக்கடைகளில், பெருநிலச் சீனாவின் சுற்றுலாக்காரர்களுக்காகவே மாண்டரின் பேசும் ஊழியர்கள் இருக்கிறார்கள்.

நான் குடியிருந்த பேய் ஹோ தெரு காய்கறிச் சந்தையில் நிலைமை வேறு. நான் மாண்டரினில் விலை கேட்பேன். அந்த அம்மா புரிந்துகொள்வார். பதில் மட்டும் கான்டனீஸில் வரும், அதுவும் வேகமாக. கோபமெல்லாம் இல்லை, அவருக்கு வாயில் வரும் மொழி அது. கேள்வி கேட்கத் தெரிந்து பதில் புரியாமல் நிற்பது ஆங்கிலத்தில் நிற்பதைவிடக் கஷ்டம்.

இரண்டும் ஒரே மொழியின் இரண்டு உச்சரிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. மாண்டரின் மட்டும் தெரிந்த ஒருவர் கான்டனீஸ் உரையாடலைக் கேட்டால் பெரும்பகுதி புரியாது. கான்டனீஸ் சேர்ந்த மொழிக்குழுவை உலகில் சுமார் எட்டுக் கோடிப் பேர் பேசுகிறார்கள். தமிழ் பேசுவோர் தொகைக்குப் பக்கத்தில் வரும். இதைப் போய் 'வட்டார வழக்கு' என்று ஒதுக்கினால் இங்குள்ளவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும். 2014 தொடக்கத்தில் ஹாங்காங் கல்வித் துறையின் இணையதளத்திலேயே கான்டனீஸ் ஆட்சிமொழி அல்லாத ஒரு வழக்கு என்ற பொருளில் ஒரு வரி வந்துவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். மொழிக்குப் பெயரைக் கொடுத்த குவாங்ஜோ (பழைய ஆங்கிலப் பெயர் கான்டன்) நகரிலும் 2010 ஜூலையில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் நகரத் தொலைக்காட்சி மாண்டரினுக்கு மாற வேண்டும் என்று ஒரு பரிந்துரை வந்ததுதான் காரணம். நம்மில் பலருக்கு இந்த உணர்ச்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே மாண்டரின் கற்பது தவறு என்று சொல்லவில்லை. உங்கள் வேலை மாதம் நான்கு தடவை உங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பும் என்றால் அதுதான் சரி. ஹாங்காங்கில் வாழ்வதற்காக அதைக் கற்றால், பக்கத்து வீட்டுச் சாவியை வைத்து நம் வீட்டைத் திறக்கப் பார்ப்பது போலத்தான்.

கான்டனீஸ்: எங்கே உதவும், எவ்வளவு கஷ்டம்

மாண்டரின் வகுப்பை நிறுத்திவிட்டுக் கான்டனீஸ் தொடங்கிய மூன்றாவது மாதத்தில் அதே சந்தைக்குப் போனேன். "கெய் தோ ச்சின்?" என்று விலை கேட்டேன். "சப் மன் லொங் கன்" என்றார். பத்து டாலருக்கு இரண்டு கன். ஒரு கன் என்பது ஏறக்குறைய 605 கிராம், பதினாறு 'லொங்' (இங்கே அது ஒரு சிறு எடை அளவு) சேர்ந்தது. கீரையைக் கட்டிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே இரண்டு வெங்காயத்தாளை உருவி மேலே வைத்தார். நம் ஊரில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறு வருகிற மாதிரி இங்கே வெங்காயத்தாள். அதற்கு முன்னால் எத்தனையோ தடவை அவரிடம் வாங்கியிருக்கிறேன். அந்தக் கொசுறு அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கிடைத்தது.

'ச்சா ச்சான் தெங்' எனப்படும் டீக்கடை உணவகங்களுக்கு என்று தனிப் பேச்சே உண்டு. குளிர்ந்த பால் தேநீர் 'தொங் நாய் ச்சா'. பாலுக்கு அவர்கள் சொல் 'நாய்', ஒரு தடவை கேட்டால் தமிழருக்கு மறக்காது. 'சியூ திம்' என்றால் சர்க்கரை குறைவு. 'ஜாவ் பிங்' என்றால் ஐஸ் வேண்டாம். ஐஸ் 'கிளம்பிப் போகட்டும்' என்று சொல்கிறார்கள். பரிமாறுபவர் சீட்டில் '06' என்று கிறுக்கினால் அது எலுமிச்சை போட்ட கோலா. எண்களின் ஒலி அந்தப் பானத்தின் பெயரை ஒத்திருப்பதால் வந்த சுருக்கெழுத்து. கடைசியில் 'மாய் தான்' என்றால் பில் வரும். அந்தச் சொல் இப்போது சீனா முழுக்க மாண்டரின் பேசுவோர் வாயிலும் புழங்குகிறது. மலேசியாவிலிருந்து படிப்பவர்களுக்கு இன்னொன்று: நீங்கள் தமிழிலேயே "தாப்பாவ் பண்ணிடு" என்கிறீர்களே, அதுவும் இந்தப் பக்கத்துச் சொல்தான்.

நன்றி சொல்வதற்கு இரண்டு சொல் இருக்கிறது. யாராவது கதவைப் பிடித்தால், தட்டைக் கொண்டுவந்து வைத்தால் 'ம்-கோய்'. பரிசோ விருந்தோ கொடுத்தால் 'தோ ஜே'. இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்த அன்று, எங்கள் லிஃப்டில் இதுவரை தலையை மட்டும் அசைத்த ஒரு பெரியவர் "சிக் ஜோ ஃபான் மெய் ஆ?" என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதிலை எதிர்பார்க்காத, ஆனால் கேட்காமல் விட முடியாத அதே கேள்வி. ஒன்பதாவது மாடி வருவதற்குள் என் கண் கலங்கிவிட்டது.

உறவுமுறையும் நமக்குப் பக்கத்தில் வரும். ஆங்கிலத்தில் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டி. இங்கே அப்பாவின் தங்கை 'கூ', அம்மாவின் அக்கா 'யி மா', தாய்மாமன் 'காவ் ஃபூ', சித்தப்பா 'சுக்'. நாம் அத்தை, பெரியம்மா, மாமா, சித்தப்பா என்று பிரிப்பதைப் போலவே பிரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவரையும் 'ஜே ஜே' என்று அக்காவாகவும், 'போ போ' என்று பாட்டியாகவும் கூப்பிடலாம். காவலாளியை 'சுக் சுக்' என்று அழைக்கத் தொடங்கிய பிறகு, எனக்கு வரும் பார்சல்களை அவர் மழை படாமல் உள்ளே எடுத்து வைத்தார்.

சரி, கஷ்டம்? இருக்கிறது. ஆறு தொனிகள். 'மாய்' என்பதைத் தாழ்ந்த தொனியிலிருந்து ஏற்றிச் சொன்னால் வாங்குவது, ஏற்றாமல் சமமாகச் சொன்னால் விற்பது. 'தொங்' உயரத்தில் சொன்னால் சூப், தாழ்த்தினால் சர்க்கரை. மாண்டரினில் நான்கு தொனிதான். பாடப்புத்தகம், செயலி, தேர்வு என்று மாண்டரினுக்கு இருக்கிற வசதியில் கால்வாசிகூடக் கான்டனீஸுக்கு இல்லை; பெயர்பெற்ற மொழிச் செயலிகள் பலவற்றில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் கஷ்டத்தின் அளவு ஒன்றே. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு இரண்டு மொழிக்கும் ஒரே மாதிரி 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. வகுப்பு என்று பார்த்தால், ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் யேல்-சைனா சீன மொழிக் கழகம் 1963 முதல் வெளியாருக்குக் கற்றுத் தருகிறது; இரண்டு மொழியும் அங்கே உண்டு.

தமிழ் நாக்குக்கு இதில் சில சலுகைகள் இருக்கின்றன. 'நான்' என்பது கான்டனீஸில் 'ஙோ'. அரிச்சுவடியில் எழுதிவிட்டு நாம் மறந்துபோன ங, சொல்லின் முதல் எழுத்தாக வந்து நிற்கிறது. (இளைஞர்கள் பலர் அதை விழுங்கி 'ஓ' என்கிறார்கள்; நீங்கள் சரியாகச் சொன்னால் பெரியவர்கள் மகிழ்ந்துபோவார்கள்.) மூன்று 'சாம்', பத்து 'சப்': மாண்டரினில் இல்லாத இந்த ம், ப் ஈறுகள் நமக்கு இயல்பாக வரும்.

அதைவிடப் பெரிய சலுகை, எழுத்துமொழியும் பேச்சுமொழியும் இரண்டாக இருப்பதற்கு நாம் பழகியவர்கள். ஹாங்காங் செய்தித்தாள் மாண்டரின் இலக்கணத்தை ஒட்டிய எழுத்துச் சீனத்தில் வரும்; அதைக் கான்டனீஸ் ஒலியில் வாசிப்பார்கள். பேசுவது வேறு. 'இல்லை' என்பதற்கு எழுத்தில் 'பத்', வாயில் 'ம்'. மெட்ரோ ரயிலில் கதவு மூடும்போது கான்டனீஸ், மாண்டரின், ஆங்கிலம் மூன்றிலும் அறிவிப்பு வரும். முதலில் வரும் கான்டனீஸ் அறிவிப்பு 'மத்' என்ற ஏட்டுச் சொல்லைப் போட்டுத்தான் கதவருகே நெருங்க வேண்டாம் என்கிறது. வீட்டில் குழந்தையிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'ம் ஹோவ்' என்பார்கள். என் வகுப்பில் இருந்த ஐரோப்பியர்களுக்கு இது பெரிய குழப்பம். 'செல்கிறேன்' என்று எழுதி 'போறேன்' என்று பேசி வளர்ந்த நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை. அதனால் தொடக்கத்தில் எழுத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் பிடியுங்கள் என்பேன். எழுத்துகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்து பாதியில் விட்டவர்கள்தான் அதிகம்.

குழந்தைகள் இருந்தால்

இங்கேதான் முடிவு கடினமாகிறது. பன்னாட்டுப் பள்ளிகளில் சீனப் பாடம் என்றால் பெரும்பாலும் மாண்டரின். பிள்ளை ஆங்கிலத்தில் படிக்கும், மாண்டரினில் மதிப்பெண் வாங்கும், கீழே விளையாட்டு மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் பேசுவது புரியாமல் நிற்கும். உள்ளூர் அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகள் பெரும்பாலும் கான்டனீஸில் நடக்கும்; கட்டணமும் இல்லை. ஆனால் எழுத்துச் சீனத்தின் சுமை பெரிது. சீனம் தாய்மொழி அல்லாத மாணவர்களுக்கென்று 2014-15 கல்வியாண்டில் தனிக் கற்றல் சட்டகம் வந்தது. அதற்குப் பிறகும் வீட்டில் உதவ ஆள் இல்லாத பிள்ளைகள் திணறுவதைப் பார்க்கிறேன்.

ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையோடு வந்து நீண்ட காலம் இருக்கப்போகிறீர்கள் என்றால், கான்டனீஸ் பேசும் மழலையர் பள்ளியில் போடுங்கள். பிறகு எந்தப் பள்ளிக்கு மாற்றினாலும் அந்தக் காது போகாது. பதின்மூன்று வயதில் வரும் பிள்ளைக்கு இதையே சொல்ல மாட்டேன். அந்த வயதில் புதிய எழுத்தையும் பொதுத்தேர்வையும் சேர்த்துச் சுமத்துவது கொடுமை. ஆங்கில வழிப் பள்ளியும், வாரம் இரண்டு மணி நேரம் பேச்சுக் கான்டனீஸும் போதும். பிள்ளை இங்கேயே வளர்ந்து அரசு வேலைக்குப் போக ஆசைப்பட்டால், பல பதவிகளுக்குச் சீன மொழித் தகுதி கேட்பார்கள் என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஒப்பந்தத்தில் வந்து, வணிக மையமான சென்ட்ரல் பகுதியில் வேலை, பக்கத்திலேயே வீடு என்றால் ஆங்கிலம் போதும். அதோடு ஒரு ஐம்பது சொல் கான்டனீஸ்: எண்கள், இடது வலது, விலை, இரண்டு நன்றிகள், 'யாவ் லொக்', உங்கள் வீட்டுத் தெருவின் கான்டனீஸ் பெயர். ஒரு மாதத்தில் வந்துவிடும். இதைக்கூடச் செய்யாமல் வருவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வேலை குவாங்ஜோ, ஷென்ஜென் என்று எல்லை தாண்டிப் போவதாக இருந்தால் மாண்டரின். குவாங்ஜோவில் இன்னும் கான்டனீஸ் கேட்கும், அங்கே மெட்ரோ அறிவிப்பிலும் அது உண்டு. ஆனால் அலுவல் முழுக்க மாண்டரினில் நடக்கும்.

மக்காவ் போகிறவர்கள் போர்த்துகீசைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஆட்சிமொழியாகப் பலகையில் இருக்கிறது, தெருவில் பத்தில் எட்டுப் பேருக்குக் கான்டனீஸ்தான்.

மற்ற எல்லோருக்கும், அதாவது குடும்பத்தோடு ஹாங்காங்கில் சில ஆண்டுகள் வாழப்போகிறவர்களுக்கு, கான்டனீஸ். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்காதீர்கள்; தொனிகள் ஒன்றோடொன்று கலந்து இரண்டுமே கெட்டுப்போகும். ஓராண்டு கான்டனீஸில் ஊறிய பிறகு மாண்டரினைத் தொட்டால் பாதிச் சொற்கள் முகம் தெரிந்தவையாக இருக்கும்.

இன்னொன்று. நிறுவனங்கள் மொழி வகுப்புக்குப் பணம் கொடுத்தால் அது வேலைக்கு வருகிறவருக்கு, அதுவும் பெரும்பாலும் மாண்டரினுக்குத்தான் கொடுக்கும். வேலைக்குப் போகிறவர் பகல் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறார். சந்தைக்கும், மருந்துக் கடைக்கும், பள்ளி வாசலுக்கும், காஸ் சிலிண்டர்க்காரருக்கும் பதில் சொல்வது வீட்டில் இருக்கும் கணவரோ மனைவியோதான். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மனைவி இப்படி எட்டு மாதம் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு ஒரே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: மொழி வகுப்பு துணைவருக்கும் உண்டு, எந்த மொழி என்பதை அவரே முடிவு செய்வார் என்று.